ஒய் டிஎன்ஏ ஒத்துப்போகிறது, குடும்பப் பெயர் வேறு: வழி சொல்லுங்கள்

வணக்கம். எங்கள் குடும்பப் பெயரின் வேரைத் தேடிக்கொண்டிருக்கிறேன். ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகும் என்பதால் என்னைச் சோதித்துப் பயனில்லை. அப்பா இப்போது இல்லை. சித்தப்பாதான் அன்போடு ஒப்புக்கொண்டு கன்னத்தின் உட்புற மாதிரியைக் கொடுத்தார்.

ஒய் டிஎன்ஏவில் ஒப்பிட்டுப் பார்க்கும் இடங்களான குறியிடங்கள் 37-இல் 36 சித்தப்பாவோடு ஒத்துப்போகும் ஒருவர் கிடைத்திருக்கிறார். ஆனால் அவருடைய குடும்பப் பெயர் வேறு! தத்தெடுப்பா, தாய்வழிப் பெயரா, யாராவது இடையில் பெயரை மாற்றிக்கொண்டார்களா? இரண்டு நாளாக இதே யோசனைதான்.

111 குறியிடச் சோதனைக்குப் போனால் பொது மூதாதையின் காலத்தை நெருங்க முடியுமா? சித்தப்பாவுக்கு 78 வயது, தள்ளிப்போட மனமில்லை. அப்புறம், அந்த நபருக்கு முதல் கடிதத்தை எப்படி எழுதுவது? அவர் வீட்டில் யாருக்கும் தெரியாத விஷயமாக இருந்தால், என்னால் யார் மனமும் நோகக் கூடாது. இதைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள்.