பல்ப் மோட்: ‘குமிழ் முறை’ வேண்டாம், ‘பிடிதிறவு’ என்போம்

குழுவினருக்கு வணக்கம். கமராவில் பொத்தானைப் பிடித்திருக்கும் வரை ஷட்டர் (ஒளியை உள்ளே விடும் மூடி) திறந்திருக்கும் நிலைதான் பல்ப் மோட். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் பேச்சில் வந்த இரண்டு கருத்துகளுக்குப் பதில் எழுதுகிறேன்.

> பல்ப் மோட் என்பதற்குக் ‘குமிழ் முறை’ போதும். மின்குமிழ் ஏற்கெனவே பள்ளிப் புத்தகத்தில் இருக்கும் சொல்தானே.

அண்ணா, இதை என்னால் ஏற்க முடியவில்லை. காரணம் கார்த்திகை விளக்கீட்டன்று என் கண்முன்னே நடந்தது. கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுப் பக்கத்துக் கோயில் முன்றலில் சொக்கப்பானை கட்டியிருந்தார்கள். பின்னேரம் பெய்த மழையில் ஓலை நனைந்து, தீப் பிடிக்க நேரமெடுத்தது. அதற்குள் அக்காவின் மகனுக்குக் கமராவை ட்ரைபொட்டில் பூட்டிக் கொடுத்து, “குமிழ் முறையில் வை” என்றேன். அவன் உடனே பிளாஷைப் போட்டான். குமிழ் என்றால் வெளிச்சம் தருவது என்றுதானே பிள்ளை நினைப்பான்? பிழை சொல்லில் இருக்கிறது.

இந்த பல்ப் விளக்கே அல்ல. பழைய கமராக்களில் ஷட்டரோடு ஒரு ரப்பர் குழாயும் அதன் நுனியில் ஒரு ரப்பர் உருண்டையும் இருந்தன. உருண்டையை அமுக்கினால் காற்றழுத்தம் ஷட்டரைத் திறக்கும். கையை விட்டால் ஷட்டர் மூடிக்கொள்ளும். பழைய சைக்கிள்களில் ‘பாம் பாம்’ என்று அமுக்கும் ஹோர்ன் உருண்டையை நினைத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட அதே சாமான்தான். இன்றைக்கு உருண்டை போய்ப் பொத்தானும் கேபிளும் வந்துவிட்டன; பல்பின் ஆங்கில முதலெழுத்தான பீ (B) மட்டும் மிஞ்சியிருக்கிறது. இல்லாத உருண்டையை ஏன் மொழிபெயர்க்க வேண்டும்? கை செய்கிற வேலையைச் சொல்வோம்: பிடித்திருக்கும் வரை திறந்திருக்கும்.

வாணம் படமெடுப்பவருக்கு அந்த வேலைதான் எல்லாமே. ஐஎஸ்ஓ (கமராவின் ஒளியுணர்திறன்) 100, துவாரம் (வில்லையில் ஒளி நுழையும் வாய்) எஃப் 11, ஃபோகஸைக் கையால் தூரத்துக்கு வைத்துப் பூட்டியாயிற்று என்றால், அப்புறம் விரல்தான் பேச வேண்டும். வாணம் சீறி எழும்பும்போது பிடிக்க வேண்டும், விரிந்து அடங்கியதும் விட வேண்டும். அது இரண்டு வினாடியா நான்கா என்று முன்கூட்டி யார் சொல்வது? இதில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. வாணப்பொறி ஓடிக்கொண்டே இருப்பதால் படத்தின் ஒவ்வொரு புள்ளியையும் ஒரு கணம்தான் தொட்டுப் போகிறது. எனவே அதன் கோடு எவ்வளவு பிரகாசமாக விழும் என்பதைத் துவாரமும் ஐஎஸ்ஓவும் தீர்மானிக்கின்றன. திறந்திருக்கும் நேரம் கோட்டின் நீளத்தையும் எத்தனை வாணம் ஒரே படத்தில் விழும் என்பதையுமே தீர்மானிக்கிறது. சொக்கப்பானை அப்படியல்ல. நின்ற இடத்திலேயே எரிவதால் ஒவ்வொரு வினாடியும் வெளிச்சம் சேர்ந்துகொண்டே போகும். நான்கு வினாடியில் தழல் வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். நான் முதல் வினாடிக்குப் பிறகு வில்லையின் கீழ்ப்பாதியைக் கறுப்பு அட்டையால் மறைத்துப் பிடித்தேன். மேலே வாணக்கோடுகளும் கீழே ஓலைச் சுவாலையும் ஒரே படத்தில் தெளிவாக விழுந்தன.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். நான் முதலில் அனுப்பியது ‘பிடிதிறப்பு’.

> திறப்பு என்றால் எங்கள் வீட்டில் கதவுத் திறப்புத்தான் ஞாபகம் வரும்.

உண்மைதான் அக்கா, எனக்கும் அப்படித்தான். சென்னையில் சாவி என்பதை நாம் திறப்பு என்கிறோம். அங்குள்ள நண்பர்களுக்கு இந்த இடறல் தெரியவே தெரியாது. அதனால் ‘பிடிதிறவு’ என்று மாற்றியிருக்கிறேன். குடிதண்ணீர் போல இது வினைத்தொகை. இடையில் த் மிகாது. தயவுசெய்து ‘பிடித்திறவு’ என்று எழுதிவிடாதீர்கள், அப்படி எழுதினால் கமராவின் கைப்பிடியைத் திறப்பதுபோல் ஆகிவிடும்.

இன்னொரு வசதியும் உண்டு. சில கமராக்களில் டீ (T) என்று ஒரு நிலை இருக்கிறது: ஒருமுறை அழுத்தி விட்டுவிட்டால் திறந்தே இருக்கும், மறுமுறை அழுத்தினால்தான் மூடும். கையை விட்ட பிறகும் திறந்திருப்பதால் அதை ‘விடுதிறவு’ எனலாம். ஷட்டரை நெடுநேரம் திறந்து வைத்துப் படமெடுப்பதைக் குறிக்கும் லாங் எக்ஸ்போஷர் என்ற பொதுச்சொல்லுக்கு ‘நெடுந்திறவு’. மூன்றும் ஒரே குடும்பமாகிவிடும். குமிழ் முறையை வைத்துக்கொண்டால் டீக்கு என்ன செய்வோம்?

நெடுந்திறவில் எனக்கு இன்னும் ஒரு தயக்கம் இருக்கிறது. எக்ஸ்போஷர் என்பது திறந்திருத்தல் மட்டுமல்ல, உள்ளே விழுந்த ஒளியின் அளவும்தான். பௌதிகவியல் படிப்பிக்கிறவர்கள் யாராவது இதற்கு மறுமொழி எழுதினால் நன்றாக இருக்கும். பிடிதிறவில் அந்தச் சிக்கல் இல்லை. அங்கே கையும் ஷட்டரும் மட்டும்தான்.