பிடிஎஃப் புக்மார்க்கில் தமிழ்த் தலைப்புகள் ஆங்கில எழுத்தாகத் தெரிகின்றன

கூடல்வாசி:
எங்கள் ஊர்க் கோயில் வரலாற்றை வேர்டில் தொகுத்து பிடிஎஃப் ஆகச் சேமித்தேன். பக்கங்களில் எழுத்து கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல் இருக்கிறது. இடப்பக்கப் புக்மார்க் பட்டியலில்தான் கோளாறு: ‘தமிழ்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி. பொருளடக்கத்தில் எந்த வரியைத் தொட்டாலும் பக்கம் நகரவில்லை. படிப்பவர்கள் பெரும்பாலும் கைபேசிக்காரர்கள்.

பிழைதிருத்தி:
எழுத்துரு பாமினியா? பொருளடக்கத்தைப் புள்ளி வைத்துக் கையால் தட்டினீர்களா?

கூடல்வாசி:
இரண்டுக்கும் ஆம், ஐயா. அத்தியாயத் தலைப்புகளுக்கு மட்டும் ‘ஹெட்டிங் 1’ பாணி கொடுத்திருக்கிறேன்.

பிழைதிருத்தி:
அதனால்தான் புக்மார்க்காவது வந்திருக்கிறது. பாமினியில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்திருக்கிறார்கள். பக்கத்தோடு எழுத்துருவும் கோப்புக்குள் போவதால் அங்கே தமிழ் தெரிகிறது. புக்மார்க் பட்டியலைச் செயலி தன் சொந்த எழுத்துருவில் காட்டும், சாயம் வெளுத்துவிடும். தேடல் பெட்டியில் ‘கும்பாபிஷேகம்’ என்று தட்டிப் பாருங்கள், ஒன்றும் சிக்காது.

தலைப்புகளை மட்டும் மாற்றி ஒப்பேற்ற வேண்டாம், முழு நூலையும் தமிழ் எழுத்துகளுக்கெனத் தனிக் குறியீடு உள்ள யூனிகோடுக்கு மாற்றுங்கள். அதற்கு என்.எச்.எம். கன்வர்ட்டர் என்ற எழுத்துமாற்றி மென்பொருள் போதும். நடுவே வரும் ஆங்கிலச் சொற்களைத் தனியே எடுத்து வையுங்கள். அவற்றையும் அது தமிழ் என்று நினைத்துக் குதறிவிடும். பிறகு வேர்டின் ‘ரெஃபரன்சஸ்’ தாவலில் தானியங்கிப் பொருளடக்கத்தைச் செருகுங்கள். எழுத்துரு மாறினால் பக்கங்களும் நகரும் என்பதால் கடைசியில் எஃப்9 அழுத்திப் புதுப்பிக்க மறக்க வேண்டாம். பிடிஎஃப் ஆகச் சேமிக்கும்போது ‘ஆப்ஷன்ஸ்’ உள்ளே தலைப்புகளிலிருந்து புக்மார்க் உருவாக்கும் கட்டத்தில் டிக் இருக்கட்டும். பிரிண்ட் கொடுத்து பிடிஎஃப் ஆக்கினால் இணைப்பும் போகும், புக்மார்க்கும் போகும்.

வரைகலைக்காரன்:
பக்க எண்ணையும் பாருங்கள். அட்டையும் முன்னுரையும் சேர்ந்து 12 பக்கம், அதன் பிறகு 1 தொடங்குகிறது என்றால், செயலியில் 45ஆம் பக்கத்துக்குப் போகச் சொன்னவர் நூலின் 33இல் இறங்குவார். அக்ரோபாட்டில் பக்கச் சிறுபடங்களில் வலது சொடுக்கி ‘பேஜ் லேபிள்ஸ்’, அதாவது செயலி காட்டும் பக்க எண்களை, மாற்றலாம். ஆனால் கைபேசிச் செயலிகள் பல அதை மதிப்பதில்லை. மின்பதிப்புக்கு அட்டையிலிருந்தே 1 போடுவது என் கட்சி. ஒவ்வொரு பக்க அடியிலும் ‘பொருளடக்கம்’ என்று திரும்பும் இணைப்பும் வையுங்கள்.

பிழைதிருத்தி:
ஒவ்வொரு பக்கத்திலுமா? வேண்டாம். கைபேசியில் பக்கத்தைத் தள்ளும் கட்டைவிரல் தவறிப் பட்டால் படித்த இடமே போய்விடும். அத்தியாய முடிவில் ஒன்று போதும்.

கூடல்வாசி:
நூல் முழுவதையும் மாற்றிவிட்டேன். புக்மார்க் தமிழில் வருகிறது, பொருளடக்கமும் தொட்ட இடத்துக்குப் போகிறது. திரும்பும் இணைப்பை அத்தியாய முடிவில் வைத்தேன். ஒரே குறை: ‘நாயக்கர் காலத்துத் திருப்பணிகளும் அவற்றுக்கான கல்வெட்டுச் சான்றுகளும்’ என்ற தலைப்பு கைபேசியில் பாதியில் வெட்டுப்படுகிறது.

பிழைதிருத்தி:
‘நாயக்கர் காலத் திருப்பணிகள்’ என்பதற்கு மட்டும் ஹெட்டிங் கொடுங்கள். மீதியை அடுத்த வரியில் சாதாரணப் பத்தியாக விடுங்கள், பட்டியலில் ஏறாது.

கூடல்வாசி:
சரியாகிவிட்டது. நன்றி ஐயா.