மூன்று தட்டு வால்ட்ஸில் ஐரிஷ் செட்: 8ஆம் பாரில் இடத்துக்கு வர முடியவில்லை

வணக்கம். ஐரிஷ் செட் (அயர்லாந்தின் குழு நடனம்) ஆடுபவர்கள் கொஞ்சம் கைகொடுங்கள்.

நாலு ஜோடி, சதுர அமைப்பு, 3/4 தாளம். முதல் ஜோடி சதுரத்துக்குள்ளேயே வால்ட்ஸ் ஆடி 8 பாரில் (ஒரு பார் என்பது மூன்று தட்டு) ஒரு சுற்று வந்து தொடங்கிய இடத்தைச் சேர வேண்டும். 2 பாருக்கு ஒரு முழுச் சுழற்சி. அதாவது சதுரத்தின் கால்பங்குக்கு ஒன்று, மொத்தம் நாலு. ஜோடி சுழல்வது வலஞ்சுழியாக, நகர்வது இடஞ்சுழியாக. கணக்கு சரிதான், ஆனால் ஆடும்போது 6ஆம் பாரிலேயே பின்தங்கிவிடுகிறார்கள்.

ஒரு காரணம் தெளிவாகத் தெரிகிறது. ரீல், போல்கா போன்ற வேறு தாள நடனங்கள் பழகிய கால்கள் மூன்றாம் தட்டில் பாதத்தைச் சேர்த்து வைக்கின்றன, உடல் எடையை அதற்கு மாற்றுவதில்லை. இடது, வலது, இடது என்று முடிந்தால் அடுத்த பார் வலதில் தொடங்க வேண்டும். எடை மாறாததால் மறுபடி இடதே கிளம்புகிறது. உடனே ஜோடியின் முழங்கால்கள் இடிக்கின்றன. இதற்குச் சுழலாமல், நேர்க்கோட்டில் மட்டும் நடக்கவைத்துப் பார்க்கிறோம். பலன் இருக்கிறது.

தெரிய வேண்டியது இரண்டு. முதல் தட்டில் வைக்கும் காலடியை எவ்வளவு நீளமாக வைக்கச் சொல்வீர்கள்? கடைசி 2 பாரில் சுழற்சியை விட்டுவிட்டு, கையைத் திறந்து நடந்தே இடம் சேர்வது நல்லதா? அப்படிச் செய்தால் 3 சுழற்சியிலேயே முக்கால் வட்டம் முடிந்தாக வேண்டும். நிற்கும் ஜோடிகள் அரைக் காலடி பின்வாங்கினால் இடம் கிடைக்கும், ஆனால் சதுரம் குலைகிறது. அதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?