அப்பாக்களையும் அங்கன்வாடிக்குள் வரவைக்க யோசனை சொல்லுங்களேன்

வணக்கம் தோழிகளே. நான் அங்கன்வாடிப் பணியாளர். எடை பார்க்கும் நாளில் குழந்தையைத் தூக்கி வருவது அம்மா, இல்லாவிட்டால் பாட்டி. அப்பா கேட்டுக்கு வெளியே வண்டியிலேயே உட்கார்ந்திருப்பார். சமுதாய வளைகாப்பிலும் இதே கதைதான்.

போன வாரம் ஒருவரை உள்ளே கூப்பிட்டு, 6, 10, 14 வாரங்களில் போடும் பென்டாவேலன்ட் (ஐந்து நோய்களைத் தடுக்கும்) தடுப்பூசி பற்றிச் சொன்னேன். எவ்வளவு கேள்விகள் கேட்டார், தெரியுமா! ஊசி போட்ட இரவு காய்ச்சல் வந்தால் குழந்தையை எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதுவரை. அக்கறை இருக்கிறது, நாம்தான் கூப்பிடுவதில்லை.

பெரும்பாலானவர்கள் கட்டட வேலைக்காரர்கள். மத்திய அரசில் வேலை பார்க்கும் அப்பாவுக்குக் குழந்தை பிறந்தால் 15 நாள் விடுப்பாவது உண்டு. இவர்களுக்கு ஒரு நாள் நின்றால் கூலி போச்சு.

மாலையிலோ ஞாயிறிலோ அப்பாக்கள் கூட்டம் நடத்தியவர்கள் இருக்கிறீர்களா? எந்த நேரம் ஒத்துவந்தது? "ஆம்பளைக்கு இங்க என்ன வேலை" என்னும் மாமியார்களிடம் என்ன சொன்னீர்கள்? கொஞ்சம் விவரமாக எழுதுங்கள்.