பிளவ் லேனுக்குத் திரும்பிய பெரியவர்

2002-இல் லண்டன் டூட்டிங்கில் ஒரு பேப்பர் கடையில் வேலைக்கு நின்றேன். காலையில் கடை திறந்ததும் முதல் ஆளாக ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் வருவார். பேப்பரைக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் பிரிப்பார். உதைபந்தாட்டச் செய்தி அங்கேதானே. மே 29 காலை அவர் பேப்பரைப் பிரிக்கவே இல்லை. மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "எங்கள் கிளப்பைத் தூக்கிக்கொண்டு போகப்போகிறார்கள்" என்றார்.

விம்பிள்டன் கிளப்பின் கதை முழுவதையும் அன்றுதான் கேட்டேன். 1889-இல் தொடங்கியது. நாட்டின் மேல் நான்கு தட்டுகளான லீக்குக்குள் வந்ததே 1977-இல்தான், ஆனால் 1986-இல் உச்சத் தட்டான முதல் டிவிஷனில் நின்றது. 1988-இல் இங்கிலாந்தின் பெரிய கோப்பையான எஃப்ஏ கப் இறுதியில் லிவர்பூலை 1-0 என்று வென்றது. லாரி சான்செஸ் தலையால் அடித்த கோல். லிவர்பூலின் ஜான் ஆல்ட்ரிட்ஜ் அடித்த பெனால்டியை விம்பிள்டன் கோல்கீப்பர் டேவ் பீசன்ட் இடப்பக்கம் பாய்ந்து தட்டிவிட்டார். வெம்ப்ளி மைதானத்தில் நடந்த எஃப்ஏ கப் இறுதிகளில் பெனால்டி ஒன்று தடுக்கப்பட்டது அதுதான் முதல் தடவை. அந்த இடம் வந்ததும் பெரியவர் கவுண்டருக்கு முன்னால் அப்படியே சாய்ந்து காட்டினார்.

1991-இல் சொந்த மைதானமான பிளவ் லேனை விட்டு, கிரிஸ்டல் பேலஸ் கிளப்பின் மைதானமான செல்ஹர்ஸ்ட் பார்க்கில் ஒண்டுக்குடித்தனம். 2000-இல் பிரீமியர் லீக்கிலிருந்தும் இறங்கியாயிற்று. கடைசியில் உதைபந்தாட்டச் சங்கமான எஃப்ஏ அமைத்த மூன்று பேர் கொண்ட குழு ஒன்று, இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில், கிளப் சுமார் 90 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மில்டன் கீன்ஸுக்குப் போகலாம் என்றுவிட்டது. ரசிகர்கள் புதுக் கிளப் தொடங்குவது உதைபந்தாட்டத்தின் பரந்த நலனுக்கு உகந்ததல்ல என்றும் அந்த அறிக்கையில் இருந்தது. பெரியவரால் பொறுக்க முடியாமல் போனது அந்த ஒரு வரிதான்.

ஆனால் ரசிகர்கள் ஏஎஃப்சி விம்பிள்டன் என்ற பெயரில் புதுக் கிளப்பைத் தொடங்கிவிட்டார்கள். ஜூன் கடைசியில் விம்பிள்டன் காமன் புல்வெளியில் ஆட்களைத் தேர்ந்தெடுத்தார்கள்; 230 பேர் வந்தார்களாம். ஜூலை 10, சட்டன் யுனைடெட்டுடன் முதல் ஆட்டம். பெரியவர் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். வெறும் நட்பு ஆட்டத்துக்கு 4,500-க்கும் மேல் கூட்டம். ஏஎஃப்சி விம்பிள்டன் 0-4 என்று தோற்றது. ஒருவரும் வீட்டுக்குக் கிளம்பவில்லை, பாடிக்கொண்டே நின்றார்கள். தோற்ற அணிக்கு அப்படி ஒரு வரவேற்பை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

அப்புறம் நானும் ஒட்டிக்கொண்டேன். இங்கிலாந்து உதைபந்தாட்டத்தின் ஒன்பதாம் தட்டிலிருந்து தொடங்கி, 78 லீக் ஆட்டங்கள் தோல்வியே இல்லாமல் ஓடி, ஒன்பது சீசனில் ஐந்து முறை மேலேறியது கிளப். 2011-இல் லூட்டனைப் பெனால்டியில் வென்று லீக்குக்குள் வந்த இரவில் பெரியவர் போன் பண்ணினார். பேச்சே வரவில்லை, மூச்சுத்தான் கேட்டது.

பழைய மைதானம் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில், நாய்ப் பந்தயத் திடல் இருந்த நிலத்தில், புது பிளவ் லேனைக் கட்டினார்கள். பணம் போதாதபோது ரசிகர்களே கடன் பத்திரம் வாங்கி 50 லட்சம் பவுண்டுக்கு மேல் சேர்த்தார்கள். பெரியவரின் சேமிப்பிலும் ஒரு பங்கு அதில் போனது. 2020 நவம்பர் 3, டான்காஸ்டருடன் முதல் ஆட்டம், 2-2. கொரோனா காலம், உள்ளே ஒருவரையும் விடவில்லை. பெரியவர் டிவி முன்னால் கழுத்துத் துண்டைச் சுற்றிக்கொண்டு தனியாக உட்கார்ந்து பார்த்தார்.

அடுத்த வருடம் கதவு திறந்ததும் இருவரும் சேர்ந்து போனோம். படியேறி மேலே வந்ததும் அவர் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. திரும்பி, பழைய மைதானம் இருந்த பக்கத்தைக் காட்டி, "அங்கே, மூலையில், என் அப்பாவும் நானும் நிற்பது" என்றார்.