சொந்த ஷெட்டுக்கு வாடகை எதற்கு?

களத்துமேடு: “ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் சொந்த இடத்துக்கும் வாடகை எழுதாதவன் தன்னையே ஏமாற்றிக்கொள்கிறான்” என்று நேற்று ஒரு மேதை இங்கே எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எரிச்சல் தாங்கவில்லை. காங்கேயத்தில் தேங்காய் எண்ணெய் மில் போடப் போகிறேன். மொத்தம் 14 லட்சம். கொப்பரை, கூலி, கரண்ட் எல்லாம் போக மாதம் 31,000 நிற்கிறது. நாலு வருஷத்துக்குள் போட்ட காசு கைக்கு வந்துவிடும். ஷெட் அப்பா கட்டியது. அப்பாவுக்கு நான் வாடகை கொடுப்பதா?

பேரேடு: எழுதியது நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். அந்த ஷெட்டில் இப்போது என்ன இருக்கிறது?

களத்துமேடு: நூல் குடோன். மாதம் 18,000 வருகிறது. காலி செய்யச் சொல்லிவிட்டேன்.

பேரேடு: தீர்ந்தது. 31,000-இல் 18,000 போனால் மிச்சம் 13,000. 14 லட்சம் திரும்பிவர ஒன்பது வருஷம் ஆகும்.

களத்துமேடு: போனால், போனால் என்கிறீர்களே, யாருக்குப் போகிறது? என் பையிலிருந்து ஒரு ரூபாய் வெளியே போகவில்லை. கைவிட்ட வருமானத்தையும் செலவாக எழுதும் ‘வாய்ப்புச் செலவு’ உங்கள் பாடப்புத்தகத்தில் இருக்கும், என் கரண்ட் பில்லில் இல்லை. சொந்தக் கட்டடத்தில் சொந்தத் தொழில் செய்தால், வாடகை என்று கழிக்க வருமான வரிக்காரர்களே விடமாட்டார்கள். அவர்கள் ஒப்புக்கொள்ளாத செலவு உங்களுக்கு மட்டும் எப்படிச் செலவாகும்?

பேரேடு: வரிக்கணக்கு வேறு, மில் போடலாமா வேண்டாமா என்ற கணக்கு வேறு. மாதம் பிறந்தால் உங்கள் வீட்டில் 18,000 விழுகிறது. மில் ஓட ஆரம்பித்தால் விழாது. அது எங்கே போயிற்று என்று ரிப்போர்ட்டில் ஒரு வரி வேண்டும். அப்புறம், கொப்பரையை எந்த விலைக்கு எழுதினீர்கள்? எண்ணெய் ஆட்டும் மில் கொப்பரைக்கு அரசின் ஆதரவு விலை 2024-இல் குவிண்டால் 11,160, 2025-இல் 11,582. அந்த வருஷம் சந்தை 20,000-த்தைத் தாண்டியது. ஆதரவு விலையை வைத்து எழுதியவர்கள் எல்லாம் என்ன ஆனார்கள்? சரி, விலை யார் கையிலும் இல்லை, விடுகிறேன். வாடகை உங்கள் கையில் இருந்தது. 18,000.

பழைய மேனேஜர்: முப்பது வருஷம் லோன் கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன். சிறுதொழிலுக்கு மானியத்தோடு கடன் தரும் மத்திய அரசுத் திட்டமான பி.எம்.இ.ஜி.பி.யில் நிலத்தின் விலையைத் திட்டச் செலவில் சேர்க்கவே கூடாது. ஷெட் வாடகை என்றால் மூன்று வருஷத்துக்குமேல் சேர்க்க முடியாது.

களத்துமேடு: கேட்டீர்களா? சேர்க்கக் கூடாது!

பேரேடு: கேட்டேன். வாடகையைச் சேர்க்கலாம் என்பதும் காதில் விழுந்தது. சார், அது கடனுக்கும் மானியத்துக்குமான விதி. தொழிலில் லாபம் வருமா என்பதற்கு அதில் பதில் இல்லை.

பழைய மேனேஜர்: தம்பி, எனக்கு விதி சொல்லித்தர வேண்டாம். உங்களைப் போன்ற கணக்கர்கள் தயார் செய்த ரிப்போர்ட் எத்தனை பார்த்திருப்பேன்! ஒரு எண்ணெய் மில் ரிப்போர்ட்டில் நடுவே “குஞ்சுத் தீவனம்” என்று ஒரு வரி. கோழிப்பண்ணைக்குப் போட்டதில் பெயரை மட்டும் மாற்றியிருந்தார்கள்.

பேரேடு: அதற்குக் கடன் கொடுத்தீர்களா, இல்லையா?

பழைய மேனேஜர்: அது இங்கே தேவையில்லாத கேள்வி.

செக்குக்காரி: அண்ணா, 100 கிலோ கொப்பரைக்கு எவ்வளவு எண்ணெய் எழுதியிருக்கிறீர்கள்?

களத்துமேடு: 65.

செக்குக்காரி: ஈரம் ஆறு சதவீதத்துக்கு இறங்கினால் சரி. ஐப்பசி மழையில் களத்தில் தார்ப்பாயை மூடுவதும் திறப்பதுமாக இருக்கும்போது எங்கே இறங்கும்? என் செக்கில் 60 வந்தால் அன்று ஆட்களுக்கு டீயோடு வடையும் உண்டு. வாடகையை விடுங்கள், முதலில் இதைப் பாருங்கள்.

களத்துமேடு: மரச்செக்கும் நான் போடும் எக்ஸ்பெல்லர் மெஷினும் ஒன்றா அக்கா? உங்கள் எண்ணெய் எல்லாம் புண்ணாக்கிலேயே தங்கிவிடும்.

செக்குக்காரி: அந்தப் புண்ணாக்குக்குத்தான் மாட்டுக்காரர்கள் வாசலில் வந்து நிற்கிறார்கள். உங்கள் சக்கையை மாடு திரும்பிக்கூடப் பார்க்காது.

பேரேடு: மாடு அப்புறம் தின்னட்டும். 18,000 எங்கே?

களத்துமேடு: போன வருஷம் ஜெனரேட்டர் வாங்கும்போதும் இதே ஆள்தான் டீசல் கணக்குப் போட்டு வயிற்றெரிச்சலைக் கொட்டினார்.

பேரேடு: அந்த ஜெனரேட்டர் இப்போது எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுங்களேன்.

களத்துமேடு: அது வேறு விஷயம்.

பேரேடு: நூல் மூட்டைகளுக்குப் பின்னால், கோணிச்சாக்கு போர்த்திக்கொண்டு. மூன்று தடவை ஓடியிருக்குமா? அதுவும் சொந்த இடத்தில் சும்மாதானே இருக்கிறது, செலவே இல்லை!

பழைய மேனேஜர்: விற்பதாக இருந்தால் என் மச்சான் ஒருவர் தேடிக்கொண்டிருக்கிறார். எத்தனை கே.வி.ஏ.?

களத்துமேடு: 15 சார். விலை தனியாகப் பேசிக்கொள்ளலாம். வாடகை மட்டும் எழுத மாட்டேன்.

செக்குக்காரி: குடோன்காரர்கள் நிஜமாகவே காலி செய்கிறார்களா அண்ணா? என் தம்பி இடம் தேடுகிறான். 20,000 தருவான்.

பேரேடு: இனி 18,000 என்ற இடத்தில் எல்லாம் 20,000 என்று படித்துக்கொள்ளவும்.

களத்துமேடு: ஷெட் வாடகைக்கு இல்லை. நூறு தடவை சொல்லியாகிவிட்டது.

பழைய மேனேஜர்: சைலன்ட் மாடலா, திறந்த மாடலா?