'சிரியா' கப்பலின் மாதிரி செய்ய உதவி வேண்டும்

வணக்கம் உறவுகளே. எங்கள் பாடசாலைக் கண்காட்சிக்காக, இந்திய ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்ற 'சிரியா' என்ற பாய்க்கப்பலின் மாதிரி ஒன்றை மாணவர்களுடன் சேர்ந்து செய்து வருகிறோம். 1868இல் இங்கிலாந்தின் சண்டர்லாந்தில் கட்டிய இரும்புக் கப்பல் அது. 1884இல் கல்கத்தாவிலிருந்து பிஜிக்குப் போகையில், மே 11ஆம் திகதி இரவு நசிலாய் பவளப்பாறையில் மோதி உடைந்தது. 59 பேர் இறந்தார்கள். கரும்புத் தோட்டத்தில் ஐந்து வருட வேலை என்று கையெழுத்திட்டு வந்த ஏழைகள்தான் அவர்களில் பெரும்பாலானோர். மறுநாள் மருத்துவர் வில்லியம் மக்கிரெகர் தலைமையில் போன மீட்புப் படகுகளும், அக்கரைக் கிராமத்துப் பிஜி மக்களும் நூற்றுக்கணக்கானோரைக் காப்பாற்றினார்கள். நம் பிள்ளைகள் இதை அறிய வேண்டும் என்று மிகவும் ஆசைப்படுகிறேன்.

சரி, கேட்க வந்த விடயம். கப்பலின் உடல் முடிந்துவிட்டது. கூம்புகளில் (பாய்மரங்களில்) பாய்களையும் கயிறுகளையும் எப்படிக் கட்டுவது என்பதில் நிற்கிறோம். அமெரிக்காவின் குளொஸ்டர் வரை 1938இல் போய்ச் சேர்ந்த 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பலைக் கட்டிய வல்வெட்டித்துறையில், பாய் வேலை தெரிந்த பெரியவர்களோ ஓடாவிமாரோ (கப்பல் கட்டும் தச்சர்களோ) இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். நாங்களே நேரில் வந்து கேட்டுக்கொள்வோம். அப்புறம், பயணிகளை அடைத்து வைத்த கீழ்த்தளத்தின் வரைபடம் யாரிடமாவது இருக்கிறதா? அந்தக் காலத்து வேறு கூலிக் கப்பலுடையது என்றாலும் உதவும். பிஜியின் தலைநகர் சுவா பக்கம் இருக்கும் நம்மவர்கள் அங்குள்ள அருங்காட்சியகத்தில் விசாரித்துப் பார்த்தால் பெரிய உபகாரம்.